நான் கட்டிய ஆறு வீடுகள்

மண்டபத்தின் நடுவில் முழங்காலில் நின்றேன். வாயில் எட்டுச் சேலை ஊசிகள். என்னைச் சுற்றித் தரையெங்கும் வாழையிலை. எதிரே மடிப்புக் கதிரைகளில் எங்கள் சபையார் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்துவிட்டது, இந்த நிகழ்ச்சியும் முடிந்தால் சாப்பாடு என்ற பொறுமை அவர்கள் முகத்தில் தெரிந்தது. சமையலறையிலிருந்து ஆட்டிறைச்சிக் கறி மணத்துக்கொண்டிருந்தது. அந்த மணத்தோடு யாரும் போட்டி போடக் கூடாது.

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பக்கம் இருக்கிறது எங்கள் சபை. அன்று மிஷன் ஞாயிறு. கமரூன் நாட்டுக் காட்டில் பாக்கா மக்களிடையே எட்டு வருடம் ஊழியம் செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த எங்கள் குடும்பம்தான் அன்றைய விசேஷம். அங்கே கம்பாலும் இலையாலும் நான் என் கையாலேயே கட்டுகிற வீட்டை, இங்கே சபையார் முன்னிலையில் ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

அதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அப்படி ஒரு வீட்டை நான் என் வாழ்நாளில் கட்டியதே கிடையாது.

அந்த உண்மை தெரிந்தவர்கள் மண்டபத்தில் மூன்றே பேர். ஒன்று நான். மற்றது என் கணவர் ஞானம். அவர் சுவரோரம் பொக்கெற்றுக்குள் கையை விட்டபடி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது எங்கள் மகள் தபி, எட்டு வயது, முன்வரிசையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சம்மணமிட்டு இருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சமையலறை இல்லாத வீடு

நான் தாதி. ஞானம் எலெக்ட்ரீசியன். ஒரு காலத்தில் நாங்களும் எல்லாரையும்போல யூனியன்வில்லில் வீடு தேடி அலைந்தவர்கள்தான். பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை சின்னது என்று நான் மூக்கைச் சுளிப்பேன். கடைசியில் கடவுள் எனக்குச் சமையலறையே இல்லாத வீடு ஒன்றைக் காட்டினார் என்று ஞானம் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை.

கைக்குழந்தையாக இருந்த தபியோடு போய் இறங்கினோம். மரம் ஏற்றும் லொறிகள் ஓடுகிற செம்மண் வீதியோரம் ஒரு குடியிருப்பு. பாக்காக்காரர் வருடத்தில் சில மாதம் அங்கே இருப்பார்கள். மிச்ச மாதங்களில் தேனுக்கும் காட்டுக்கிழங்குக்கும் வேட்டைக்குமாக உள்ளே காட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் பெட்டி படுக்கையோடு பின்னால் போவோம்.

நான் புண்ணுக்கு மருந்து கட்டினேன், காய்ச்சல் பார்த்தேன், பிள்ளைப்பேறும் பார்த்தேன். பிள்ளைப்பேற்றை உண்மையில் அவர்களே பார்த்தார்கள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஞானம் வேதாகமக் கதைகளைப் பாக்கா மொழியில் சொல்வித்துப் பதிவு செய்து, வெயிலில் சார்ஜ் ஆகும் சின்னப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்.

நோவா பேழை கட்டிய கதையை முதல் தடவை போட்டபோது பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு. பேழையைக் கட்டினது ஒரு ஆணா என்று கேட்டார்கள். ஆம் என்றோம். அதனால்தான் அவ்வளவு காலம் எடுத்தது, அதற்குள் மழையும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஒருத்தியின்மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். ஞானம் இரண்டு நாள் சோர்ந்துபோயிருந்தார்.

அவர்களுடைய வழக்கம் அப்படி. வீடு கட்டுவது பெண்ணின் வேலை. இளங்கம்புகளை வட்டமாக நிலத்தில் குத்தி, வளைத்து, உச்சியில் பின்னுவார்கள். அதன்மேல் நீண்ட காம்புள்ள அகன்ற இலைகளை, காம்பிலே ஒரு கீறல் போட்டு, கம்பில் கொளுவிக்கொண்டே போவார்கள். கீழேயிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று. முடிந்ததும் பார்த்தால் கவிழ்த்து வைத்த பானை மாதிரி இருக்கும். அதற்கு மொங்குலு என்று பெயர்.

முதல் வாரம் ஞானம் உதவி செய்யப் போய் ஒரு கம்பைப் பிடித்து வளைத்தார். பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிலத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வழக்கத்தை மிகுந்த மரியாதையோடு கடைப்பிடித்து வருகிறார். நான் இலை சுமக்கும்போது அவர் தேநீர் குடிப்பார். கலாசாரத்தை மதிக்க வேண்டும் என்பார்.

ஜெபக் கடிதம்

ஊழியக்காரர் மாதாமாதம் தங்கள் சபைக்கு எழுதும் ஜெபக் கடிதம் ஒரு தனி இலக்கியம். அதற்கென்று ஒரு பாஷை இருக்கிறது. வயிற்றோட்டம் என்று எழுத முடியாது, சரீர பலவீனம் என்று எழுத வேண்டும். புருஷனும் பெண்சாதியும் மூன்று நாள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை என்றால், குடும்ப ஐக்கியத்துக்காக ஜெபியுங்கள். அந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், விதைகள் தூவப்படுகின்றன. நான் எட்டு வருடத்தில் தூவிய விதைக்கு கமரூன் முழுக்கத் தோட்டமாகியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதங்களைச் சிவப்புப் பேனையோடு வாசிப்பவர் ஒருவர் இருந்தார். மிஷன் கொமிற்றித் தலைவர் அருமைநாயகம் அங்கிள். ஊரில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். கனடாவுக்கு வந்து, கட்டடங்களைப் பரிசோதித்துச் சரி பிழை சொல்லும் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் சட்டைப் பையில் அளவு நாடாவோடுதான் கோயிலுக்கு வருவார். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் முதலில் படிக்கட்டின் கைபிடியை ஆட்டிப் பார்ப்பார், பிறகுதான் வணக்கம் சொல்லுவார்.

அவருக்கு ஊழியம் என்றால் கட்டடம். சீமெந்து, தகரக் கூரை, மேலே ஒரு சிலுவை. என் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் பதில் ஒரே வரிதான்: கட்டடம் எப்போது? வருடத்தில் பாதி நாள் காட்டுக்குள் நடமாடும் மக்களுக்கு வீதியோரம் ஒரு சீமெந்துக் கோயில் கட்டினால் அதில் ஆடுதான் படுக்கும் என்று நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். அவர் ஆட்டுக்குக் கதவு போடலாம் என்று பதில் எழுதினார்.

அந்த விடுமுறைக்கு நாங்கள் வந்து இறங்கியதும் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். மிஷன் ஞாயிறு பின்னேரம் கொமிற்றி கூடும். கட்டடத் திட்டத்தோடு என்றால் திரும்பிப் போகலாம். இல்லையென்றால் இனிமேல் ரொறன்ரோவிலேயே இருந்துவிட வேண்டும்.

எனக்குத் திரும்பிப் போக வேண்டும். அதை எப்படிச் சொல்வதென்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இங்கே வந்த முதல் கிழமை முழுக்கத் தபி காலையில் எழும்பியவுடன் சன்னலைத் திறந்து, தன் சிநேகிதிகள் எங்கேயென்று பாக்கா மொழியில் கேட்டாள். நானும் அதே கேள்வியோடுதான் எழும்பினேன், வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அருமைநாயகம் அங்கிளின் மனைவி புஷ்பம் அன்ரி, மாதர் சங்கத் தலைவி, நல்ல மனுஷி. அவர்தான் எனக்கு இரங்கி ஒரு வழி சொன்னார். நீ கட்டின அந்த இலை வீட்டை மண்டபத்தில் கட்டிக் காட்டு, இவர் கட்டடம் என்றால் உருகுகிற மனுஷன், பார்த்தவுடன் கரைந்துவிடுவார் என்றார். வாழையிலைக்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்ததும் அதே இலையில்தான் சாப்பாடு, அதனால் கிழிக்காமல் கட்ட வேண்டும்.

மறுக்க என்னிடம் வாய் இருக்கவில்லை. அந்த வீட்டின் படத்தைப் பெரிதாக்கி மண்டபத்து வாசலில் மாட்டி வைத்திருந்தார்கள். முன்னால் நான், இடுப்பில் கை.

சொலாஞ் வந்த பின்னேரம்

பொய் எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

போன முதல் வருடம், காட்டுக்குள் போன முதல் தடவை. பெண்கள் எனக்கும் ஒரு கட்டு இலையும் கம்பும் தந்து ஓர் இடத்தைக் காட்டினார்கள். காலையில் தொடங்கினேன். பின்னேரம் ஒன்று எழும்பி நின்றது. ஒரு பக்கம் சரிந்து, உச்சியில் வானம் தெரிந்தது. தபியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போக எனக்கே பயமாக இருந்தது.

அடுத்த வீட்டுக்காரி சொலாஞ் வந்தாள். பாக்காக்காரர் பலருக்கு அரசாங்கப் பதிவுக்கென்று ஒரு பிரெஞ்சுப் பெயர் இருக்கும், அவளுக்கு அது. என் வயதுதான். வந்து, பார்த்து, முழுவதையும் பிரித்துப்போட்டாள். அதே கம்பு, அதே இலை. கட்டி முடித்துவிட்டு, அடுப்பில் வைத்த சட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்குக் கொட்டிய மழையில் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் ஜெபக் கடிதம் எழுதும் நாள். எழுத ஒன்றும் இருக்கவில்லை. அங்கிளின் ஒற்றைவரிக் கடிதம் மடியில் கிடந்தது. ஞானத்தைக் கூப்பிட்டு வீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்தேன். கர்த்தருடைய கிருபையால் என் சொந்தக் கைகளாலேயே கட்டிய வீடு என்று எழுதினேன். எழுதி முடித்தபோது நல்ல வசனமாகத்தான் இருந்தது.

சபை கொண்டாடிவிட்டது. ஆகவே அடுத்த வருடம் இரண்டாவது வீட்டையும் நான் கட்ட வேண்டியதாயிற்று, அதாவது சொலாஞ் கட்ட வேண்டியதாயிற்று. இப்படியே ஆறு வீடு. எட்டு வருடக் கடிதங்களில் சொலாஞ்சின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. நகரத்திலிருந்து டொக்டர் வந்தாலும் வேறு ஊழியக்காரர் வந்தாலும் வீட்டைக் காட்டி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். சொலாஞ் தன் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்தேன்.

காம்பில்லாத இலை

சரி, மண்டபத்துக்கு வருவோம்.

ரொறன்ரோவில் மரம் வெட்டப் போனால் பொலிஸ் வரும். அதனால் கம்புக்குப் பதிலாக, வீடுகளில் வயர் இழுக்கிற பிளாஸ்டிக் குழாய்களை ஞானம் கொண்டுவந்து போட்டார். போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். சீமெந்துத் தரையில் குழாயைக் குத்த முடியாது. புஷ்பம் அன்ரி களஞ்சியத்திலிருந்து அரிசி மூட்டைகளைத் தூக்குவித்தார். குழாயின் நுனியை மூட்டைக்கு அடியில் செருகி, வளைத்து, மற்ற நுனியையும் செருகினேன். இரண்டாவது குழாய் மூட்டையிலிருந்து வழுக்கி எழும்பி, பாஸ்ரரின் ஒலிவாங்கியை அடித்து விழுத்தியது. பின்வரிசையில் கை தட்டினார்கள்.

ஆனாலும் கூடு நின்றது. நானே எதிர்பார்க்கவில்லை. எனக்குள் ஒரு பெருமிதம் வந்தது, அது என்னைக் கெடுக்கும் குணம்.

இலையை எடுத்தபோதுதான் விளங்கியது. கடையில் விற்கிற வாழையிலை சாப்பாட்டுக்கு. இரண்டு பக்கமும் நறுக்கி, மடித்து, அடுக்கிக் கட்டியது. காம்பு கிடையாது. காம்பு இல்லாவிட்டால் எங்கே கீறுவது, எதைக் கொளுவுவது? எட்டு வருடம் இலை வீட்டில் குடியிருந்தவள் நான். ஒருநாளாவது ஒழுங்காகக் கட்டியிருந்தால் கடையிலேயே இதைக் கவனித்திருப்பேன்.

ஊசி இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன். மாதர் சங்கம் முழுவதும் தோளில் கை வைத்தது. ஒவ்வொருவராகச் சேலை ஊசியைக் கழற்றித் தந்தார்கள். முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தந்தார்கள். நான் இலைகளைக் குழாயில் சுற்றிச் சுற்றிக் குத்தினேன். கால் மணித்தியாலத்தில் பச்சையாக ஒன்று எழும்பிவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் வீடு என்று சொல்லலாம். கிட்டப் போகாமல் இருந்தால் நல்லது.

அருமைநாயகம் அங்கிள் கிட்டப் போனார். சுற்றி வந்தார். அளவு நாடாவை எடுத்து வாசலை அளந்தார். ஒரு மூட்டையைச் சப்பாத்தால் தட்டினார். உள்ளே போய்ப் பார்க்காமல் தான் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்று சபையாருக்கு அறிவித்துவிட்டு, கோட்டும் சூட்டுமாகக் குனிந்து தவழ்ந்து உள்ளே போய்விட்டார்.

கூட்டுக்குள் அங்கிள்

மண்டபத்து ஹீற்றர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்கு இலைகள் வாடத் தொடங்கின. முதலில் ஒன்று ஊசியிலிருந்து கிழிந்து வழுக்கி விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு ஒரு வரிசை. நான் ஓடி ஓடிப் பொறுக்கிக் குத்தினேன், குத்திய பக்கத்தை விட்டு மறுபக்கம் விழுந்தது. இரண்டு நிமிடத்தில் எல்லா இலையும் தரையில். வெறும் குழாய்க் கூட்டுக்குள் அருமைநாயகம் அங்கிள் முழங்காலில் அளவு நாடாவோடு சபையாரைப் பார்த்தபடி இருந்தார்.

மிச்ச ஊசிகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு வாய் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? இந்த இலை சரியில்லை, அங்கே இப்படி நடக்காது என்றேன். அந்த நேரத்திலும் பொய்தான் வந்தது.

அப்போதுதான் தபி கதிரையிலிருந்து இறங்கினாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாக்காப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது பிழை செய்தால் ஏச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் அந்த ஆளைப்போல நடித்துக் காட்டுவார்கள். நடை, முகம், கை, எல்லாம் அப்படியே. பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பிழை செய்தவர் தானும் சேர்ந்து சிரித்தால் கதை அத்தோடு முடிந்தது, பிறகு ஒருவரும் அதை எடுக்க மாட்டார்கள். சிரிக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள்.

தபி ஓர் இலையைத் தூக்கித் தோளில் போட்டாள். என் நடையை நடந்தாள். நான் அப்படியா நடக்கிறேன் என்று எனக்கு அன்றுதான் தெரியும். இலையை வைத்தாள், விழுத்தினாள், இலையை ஏசினாள். நெற்றியைத் துடைத்தாள். பிறகு ஒரு பக்கம் ஒதுங்கி, வேறொரு பெண்ணாக மாறி, நிதானமாக நடந்து வந்தாள். எல்லாவற்றையும் பிரித்தாள், மளமளவென்று அடுக்கினாள், கையைத் தட்டிவிட்டுப் போனாள். உடனே திரும்ப நானாகி ஓடிவந்து, அதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்து, பல்லைக் காட்டி, கமராவைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் மாட்டியிருந்த படம் அதேதான்.

புஷ்பம் அன்ரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளை சபை நடுவில் என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். தபி என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை என்று கண்டாள். குனிந்து இலையை எடுத்துத் தோளில் போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாவது தடவை நடை இன்னும் மோசமாக இருந்தது. மூன்றாவது தடவை அவள் நெற்றியைத் துடைத்தபோது கூட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அருமைநாயகம் அங்கிள் குழாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. ஊசிகளைத் துப்பிவிட்டுத் தரையில் இருந்து சிரித்தேன். தபி அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, எப்போது சாப்பாடு என்று கேட்டாள்.

சிரித்த பிறகு உண்மை சொல்வது லேசாக இருந்தது. "அந்த வீட்டை நான் கட்டேல்லை," என்றேன். "சொலாஞ் எண்டு ஒருத்தி. அவதான் கட்டினவ. படத்தில நிக்கிறது மட்டும் நான்."

"ஆறுமோ?" என்றார் அங்கிள் உள்ளேயிருந்து.

"ஆறும்."

அங்கிளின் முகம் மாறியது. சிரிப்புப் போய் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவளுக்கு ஒரு வீடு கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். ஒன்றரை மணித்தியாலம் என்றேன். ஆணி? இல்லை. கயிறு? இல்லை. ஒழுகுமா? எட்டு வருட மழையில் ஒரு சொட்டு இல்லை. வேறு இடம் போனால்? விட்டுவிட்டுப் போய்ப் புதிதாகக் கட்டுவார்கள். அவர் தலைக்கு மேலே இருந்த குழாய்களின் வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் நான் இந்த ஊரில வீடு பாத்தனான்," என்றார். "ஒண்டரை மணித்தியாலத்தில ஒழுகாத வீடு கட்டுற ஆக்களுக்கு நாங்கள் என்னத்துக்குப் பிள்ளை சீமெந்து அனுப்பப் பாக்கிறம்?"

முழங்கால் பிடித்துவிட்டது, தன்னை வெளியே எடுக்கும்படி சொன்னார். ஞானம் வழக்கத்தை மீறி வந்து இரண்டு குழாயைக் கழற்றினார்.

வாழையிலையைக் கழுவி அதிலேயே சாப்பாடு போட்டார்கள். ஊசி இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடும்படி புஷ்பம் அன்ரி ஒலிவாங்கியில் மூன்று தடவை அறிவித்தார்.

பின்னேரம் கொமிற்றி கூடியது. பொய்க்கு அங்கிள் என்னை விட்டுவைக்கவில்லை. அரை மணித்தியாலம் நின்றபடி வாங்கிக் கட்டினேன். முடிவில், கட்டடம் வேண்டாம், திரும்பிப் போகட்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். ஒரு நிபந்தனை. இனிமேல் வரும் கடிதங்களில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். எனக்குக் கண்ணீர் வந்தது. அதைச் சரீர பலவீனம் என்று யாரும் நினைக்காமல் இருக்க முகத்தைத் துடைத்தேன்.

காரில்

மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, அந்த நடிப்பை எப்படி அவ்வளவு கெதியாக யோசித்தாள் என்று தபியிடம் கேட்டேன். கோபம் ஆறி, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நான் யோசிக்கேல்லை அம்மா," என்றாள். "எவ்ரிபடி டஸ் இற். அங்கை எல்லாரும் ஆடுறது."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் விளக்கமாகச் சொன்னாள். முதல் வீடு கட்டிய அந்த வருடமே பெண்கள் அதை எனக்கு முன்னால் நடித்துக் காட்டினார்களாம். நான் சிரிக்கவில்லையாம். கை தட்டினேனாம். போனை எடுத்துப் படம் பிடித்தேனாம்.

படம் பிடித்தது நினைவுக்கு வந்தது. ஊழியக்காரருக்கு வரவேற்பு நடனம் என்று தலைப்புப் போட்டுச் சபைக்கு அனுப்பியிருந்தேன். இலையைச் சுமக்கிறார்கள், என்ன அருமையான பாரம்பரியம் என்று எழுதியும் இருந்தேன். நான் சிரிக்காததால் அது முடியவில்லை. அதனால் எட்டு வருடமாக, ஒவ்வொரு முகாமிலும், நான் சிரிப்பேனா என்று பார்க்க ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் கை தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஞானம் தனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது என்றார். பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தும் அவர் காரை எடுக்கவில்லை, ஸ்ரியறிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் தெரியாதென்று சொன்னதை நான் இன்றுவரை நம்பவில்லை.

ஏழாவது

திரும்பிப் போனோம். முதல் நாள் பின்னேரமே பெண்களைக் கூப்பிட்டு, அந்த ஆட்டத்தை ஆடும்படி நானே கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொலாஞ் எழுந்து நானானாள்.

தபியின் நடிப்பு இவளுக்குக் கிட்டவும் வராது. இலையை ஏசிய ஏச்சில் என் தமிழ் வார்த்தைகளும் இரண்டு இருந்தன, அவற்றை இங்கே எழுத முடியாது. அவள் இடுப்பில் கை வைத்துப் பல்லைக் காட்டியபோது நான் சிரித்தேன். வெட்கத்தோடுதான், ஆனால் மனம் விட்டுச் சிரித்தேன். சொலாஞ் நடுவில் நிறுத்தி, என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, முடிந்தது என்றாள். எல்லாரும் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவ்வளவு காலமாக எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, நன்றாக அழுதேன்.

சில நாளில் காட்டுக்குள் போனோம். சொலாஞ் ஒரு கட்டு இலையை என் முன்னால் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஓர் இலையைக் கையில் எடுத்து, காம்பில் எங்கே கீறுவதென்று காட்டினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள். காலையில் தொடங்கி இருட்ட முன்னர் முடித்தேன். அவள் கை வைக்கவில்லை. ஞானம் தேநீர் குடித்தார்.

அன்றைக்கே மழை வந்தது. தபி சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினாள். ஞானம் ஈரப் பாயில் படுத்தபடி, நோவாவின்மேல் தனக்கு மரியாதை கூடிவிட்டது என்றார்.

அந்த மாத ஜெபக் கடிதம் எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஏழாவது வீட்டை நான் கட்டினேன். ஒழுகுகிறது. ஜெபியுங்கள்.